திறக்காத பக்கத்துக்கும் உங்கள் கைபேசிக்கும் இடையே நிற்பவர்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் புதுச்சேரிக்கு வந்து படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. செய்தி இணையதளம் ஒன்று அவருடைய கைபேசியில் சில நாட்களாகத் திறக்கவில்லை; அதே தளம் தோழியின் விடுதி வைஃபையில் தடையின்றித் திறக்கிறது. தடையைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போக உதவும் விபிஎன் செயலியைப் போட்டுக்கொள்ள ஒரு தோழி சொல்கிறார், அதே வேலைக்கு இன்னொருவர் டோர் உலாவியைப் பரிந்துரைக்கிறார், வீட்டில் அப்பாவோ இவற்றைத் தொட்டால் போலீஸ் வரும் என்கிறார். இவற்றில் எது சட்டப்படி சரி, எது பாதுகாப்பானது, கடற்கரைச் சாலைக் காபிக் கடையின் இலவச வைஃபையில் வங்கிச் செயலியைத் திறக்கலாமா, அப்பா நடத்தும் ஜெராக்ஸ் கடையிலுள்ள இரண்டு இணையக் கணினிகளால் சிக்கல் ஏதும் வருமா என்பன அவருடைய ஐயங்கள்.

இவ்விரு ஊர்களிலும் பிராட்பேண்ட் இணைப்புத் தொழிலில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களுடைய எல்லா ஐயங்களும் ஒரே கேள்வி போலத் தோன்றினாலும் அவற்றுக்குள் மூன்று வேறு ஆட்கள் இருக்கிறார்கள்: தளத்தைத் தடுப்பவர் ஒருவர், நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று குறித்து வைப்பவர் இன்னொருவர், உங்கள் பணத்தின் மீது கண் வைத்திருப்பவர் மூன்றாமவர். முதலாமவரைத் தாண்ட உதவும் கருவி மூன்றாமவர் முன்னால் பயனற்றுப் போகும். சில வேளைகளில் உங்களை அவர் கையிலேயே கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆகவே எந்தக் கருவி நல்லது என்று கேட்பதற்கு முன்னால், நம் வழியில் நிற்பவர் யார் என்று பார்க்க வேண்டும்.

நீங்கள் வீட்டில் உட்கார்ந்து ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும், அந்தப் பெயருக்குரிய எண் முகவரி என்னவென்று உங்கள் கைபேசி முதலில் விசாரிக்கிறது. இதற்கு விடை சொல்வது டிஎன்எஸ் எனப்படும் பெயர்ப்பதிவேடு. நீங்களாக வேறு ஏற்பாடு செய்துகொள்ளாதவரை, அந்தப் பதிவேட்டை வைத்திருப்பவர் உங்களுக்கு இணைப்புத் தரும் நிறுவனம்தான். எண் கிடைத்த பிறகு உங்கள் கோரிக்கை கோபுரத்திலிருந்து கண்ணாடியிழை வழியாகச் சென்னைக்குப் போகிறது. நம் இரண்டு ஊர்களும் கடலோரத்தில் இருந்தாலும் கடலடிக் கேபிள்கள் கரையேறுவது சென்னையில்தான் என்பதால், கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் செய்தியும் வடக்கே ஒரு நடை போய்த்தான் கிழக்கே திரும்புகிறது. தளத்தின் சர்வரை அடைந்ததும் உலாவியும் சர்வரும் தங்களுக்குள் குறியாக்கம் செய்துகொள்கின்றன; அதன்பின் நீங்கள் அத்தளத்தில் எந்தக் கட்டுரையைப் படிக்கிறீர்கள், என்ன எழுதுகிறீர்கள் என்பது இடையில் இருப்பவருக்குத் தெரியாது. ஆனால் குறியாக்கம் தொடங்குவதற்கு முன்பு அனுப்பப்படும் முதல் வணக்கத்தில் தளத்தின் பெயர் பெரும்பாலும் திறந்தே எழுதப்பட்டிருக்கும். கடித உறை ஒட்டப்பட்டிருக்கிறது, ஆனால் உறையின் மேலுள்ள முகவரியைத் தபால்காரர் படிக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தடுப்பவர் கை வைக்கும் இடங்கள் இவையே. பெயர்ப்பதிவேட்டில் பொய்யான எண்ணைச் சொல்லி உங்களை வேறெங்காவது அனுப்பிவிடலாம். குறிப்பிட்ட எண் முகவரிக்குப் போகும் எல்லாவற்றையும் வழியிலேயே கொட்டிவிடலாம். அல்லது அந்த முதல் வணக்கத்தில் எழுதியிருக்கும் பெயரைப் படித்துப் பார்த்து இணைப்பைத் துண்டிக்கலாம். அரசு அனுப்பும் உத்தரவில் எந்தத் தளத்தைத் தடுக்க வேண்டும் என்று இருக்குமே தவிர, எப்படித் தடுப்பது என்பது அந்தந்த நிறுவனத்தின் கருவிகளையும் வசதியையும் பொறுத்தது. ஆகவே ஒரே உத்தரவு ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒவ்வொரு விதமாக நிறைவேறுகிறது. இந்திய நிறுவனங்கள் ஆளுக்கொரு முறையைப் பின்பற்றுவதையும், ஒருவர் தடுத்த தளங்கள் மற்றொருவரிடம் திறப்பதையும் ஆய்வாளர்கள் அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். நான் பார்த்த வரையில், சிறிய நிறுவனங்களுக்கு இந்தப் பட்டியல் மின்னஞ்சலில் வரும். பணி நேரத்தில் இருக்கும் ஒரே பொறியாளர் முள்ளோடைப் பக்கம் அறுந்துபோன ஃபைபரை ஒட்டிக்கொண்டிருப்பார். பட்டியல் கணினியில் ஏறுவதற்கு இரண்டு நாட்கள் ஆகும். உங்கள் தோழியின் விடுதியில் அந்தத் தளம் திறப்பதற்குப் பெரிய ரகசியக் காரணம் இருக்க வேண்டியதில்லை.

எனவே முதல் வேலையாக, உண்மையிலேயே தடைதானா என்று பாருங்கள். கைபேசியில் தேதி தவறாக இருந்தாலும், தளத்தின் சான்றிதழ் காலாவதியாகியிருந்தாலும் பக்கம் திறக்காது. சில வெளிநாட்டுத் தளங்கள் தாமாகவே இந்திய முகவரிகளை உள்ளே விடுவதில்லை. தொலைத்தொடர்புத் துறையின் அறிவுறுத்தலின்படி தடுக்கப்பட்டுள்ளது என்ற ஒற்றை வரி திரையில் வந்தால் ஐயமே இல்லை. அந்த வரியும் வராமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால், ஆண்ட்ராய்டு கைபேசியின் நெட்வொர்க் அமைப்பில் உள்ள தனிப்பட்ட டிஎன்எஸ் என்ற இடத்தில் வேறொரு பதிவேட்டைக் கொடுத்துப் பாருங்கள். அப்போது திறந்தால் தடை பெயர்ப்பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது என்று பொருள். ஊனி ப்ரோப் என்ற இலவசச் செயலி இந்தச் சோதனைகளை ஒழுங்காகச் செய்து சொல்லும். ஆனால் சோதனையின் முடிவையும் உங்கள் இணைப்பு நிறுவனத்தின் பெயரையும் அது பொதுவெளியில் பதிவிடும் என்பதை அறிந்துகொண்டே இயக்க வேண்டும்.

உறை ஒட்டப்பட்டிருப்பதால் ஒரு பக்கவிளைவும் உண்டு. தளத்தின் பெயர் மட்டுமே தெரியும், உள்ளே எந்தப் பக்கம் என்பது தெரியாது என்னும்போது, ஒரே ஒரு பக்கத்தைத் தடு என்று உத்தரவு வந்தாலும் நிறுவனத்தால் முழுத் தளத்தையும்தான் மூட முடியும். 2014 டிசம்பரில் பயங்கரவாதப் பிரச்சாரத்தைத் தடுக்கவென்று 32 முகவரிகளை முடக்கியபோது, நிரலாளர்கள் அன்றாடம் பயன்படுத்தும் கிட்ஹப்பும், காணொளித் தளமான விமியோவும் அதில் அடிபட்டன. பஞ்சு மூட்டைக்குள் ஊசி இருக்கிறது என்று கிடங்கையே பூட்டியது போலத்தான். திரைப்படத் திருட்டைத் தடுப்பதற்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெறப்படும் உத்தரவுகளிலும் இதே கதை நடந்தது. 2012இல் ஒரு தமிழ்ப் படத்துக்காகப் பெற்ற உத்தரவால் மே மாதத்தில் முழுத் தளங்களே மூடப்பட, குறிப்பிட்ட பக்கங்களை மட்டுமே தடுக்க வேண்டும் என்று ஜூன் மாதத்தில் நீதிமன்றமே விளக்கம் சொல்ல நேர்ந்தது. அப்படியும் 2017 ஆகஸ்டில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தளங்களைக் கொண்ட இன்னொரு பட்டியலில் உலகத்தின் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இண்டர்நெட் ஆர்க்கைவும் சேர்ந்து மாட்டிக்கொண்டது.

அரசின் தடைகளுக்கு அடிப்படை, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, அயல்நாடுகளுடனான நட்புறவு, பொது ஒழுங்கு ஆகிய காரணங்களுக்காகவும், இவை தொடர்பான குற்றங்களைத் தூண்டுவதைத் தடுப்பதற்காகவும் மத்திய அரசு இணைய உள்ளடக்கத்தை முடக்கலாம். காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகள் முடக்கப்பட்டது இந்தப் பிரிவின் கீழ்தான். உச்ச நீதிமன்றம் 2015இல் இப்பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்ததற்கு ஒரு முக்கியக் காரணம், எழுதப்பட்ட காரணங்களை வைத்துப் பாதிக்கப்பட்டவர் நீதிமன்றத்துக்குப் போக முடியும் என்பது. ஆனால் 2009ஆம் ஆண்டின் தடை விதிகளில் 16ஆவது விதி, புகார்களும் நடவடிக்கைகளும் கண்டிப்பாக ரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது. எதிர்த்து வழக்குப் போடலாம், ஆனால் எதை எதிர்ப்பது என்பதைக் காட்ட மாட்டோம் என்ற நிலை. தடைகள் எல்லாமே தவறு என்று நான் சொல்லவில்லை. குழந்தைகளைச் சீரழிக்கும் படங்களும் மோசடி முதலீட்டுத் தளங்களும் மூடப்பட வேண்டியவையே. எனக்குள்ள மனக்குறை, மூடியவர் பெயரும் காரணமும் கதவில் எழுதப்படுவதில்லை என்பதுதான்.

தமிழ் வாசகர்கள் இதை நேரடியாகப் பார்த்தது 2025 பிப்ரவரியில். பிரதமரைப் பற்றிய கேலிச்சித்திரம் ஒன்று வெளிவந்ததைத் தொடர்ந்து 15ஆம் தேதி மாலை விகடனின் இணையதளம் பலருக்குத் திறக்காமல் போயிற்று. அது குறித்துத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் அறிவிப்பு விகடனுக்கு வந்தது மறுநாள். மார்ச் 6 அன்று, அந்தக் கேலிச்சித்திரத்தைத் தற்காலிகமாக நீக்கிவிட்டால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. ஒரு படத்துக்காக ஏறத்தாழ மூன்று வாரம் முழுத் தளமும் மூடிக் கிடந்ததை நினைவில் வைத்துக்கொண்டால், நான் மேலே சொன்ன தொழில்நுட்பக் காரணம் வெறும் தொழில்நுட்பமாக மட்டும் முடிந்துபோவதில்லை என்பது புரியும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இது புதிதும் அல்ல. பாரதியார் 1908இல் இங்கே வந்ததே, பிரிட்டிஷ் சட்டத்தின் கை பிரெஞ்சு எல்லைக்குள் நீளாது என்பதால்தான். சென்னையில் நடத்த முடியாமற்போன இந்தியா வார இதழை அவரும் நண்பர்களும் இங்கிருந்து அச்சிட்டார்கள். பிரிட்டிஷ் அரசு அச்சகத்தைத் தொட முடியவில்லை. ஆகவே வழியைத் தொட்டது. இதழ் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வாசகர் கைக்குப் போய்ச் சேராமல் தடுக்கப்பட்டதும் 1910இல் அது நின்றுபோனது. 1918 நவம்பரில் பாரதியார் எல்லை தாண்டியபோது கைது செய்யப்பட்டு உங்கள் கடலூரின் சிறையில்தான் மூன்று வாரங்களுக்கும் மேலாக வைக்கப்பட்டார். சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது, வாசகர் எந்த நாட்டில் இருக்கிறார், நடுவில் யாருடைய தபால் நிலையம் இருக்கிறது என்று இன்று நாம் பேசும் மூன்றும் அன்றைக்கே இந்தச் சாலையில் பேசித் தீர்க்கப்படாமல் நின்றவை.

அப்பாவின் அச்சத்துக்கும் இங்கே ஒரு பழைய காரணம் இருக்கிறது. 2012 அக்டோபர் இறுதியில், அப்போதைய மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகப் புதுச்சேரிக்காரர் ஒருவர் விடியற்காலையில் கைது செய்யப்பட்டார். அப்போது அவரைப் பின்தொடர்ந்தவர்கள் ஒரு சிற்றுந்தில் அடங்கிவிடுவார்கள். அதற்குப் பயன்பட்ட, அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அடியோடு நீக்கியது. நீக்கிய பிறகும் காவல் நிலையங்கள் அதே பிரிவில் வழக்குப் பதிந்துகொண்டிருந்ததைக் கண்டு 2021இல் அதே நீதிமன்றம் அதிர்ச்சி தெரிவித்தது. எனவே அப்பா சொல்வதைச் சிரித்துத் தள்ளிவிடாதீர்கள். ஆனால் அவர் அஞ்ச வேண்டியது எழுதுவதைப் பற்றி. படிப்பதைப் பற்றியோ, விபிஎன் வைத்திருப்பதைப் பற்றியோ அன்று. விபிஎன் பயன்படுத்துவதைக் குற்றமாக்கும் பொதுச் சட்டம் நாட்டில் இல்லை. ஜம்மு காஷ்மீரின் சில மாவட்டங்களில் மட்டும் அவ்வப்போது நிர்வாக உத்தரவுகளால் தடை விதித்திருக்கிறார்கள். விபிஎன்னுக்குள் இருந்துகொண்டு செய்யும் குற்றம் குற்றமே. சிறார்களை ஆபாசமாகக் காட்டும் படங்களைப் பொறுத்தவரை, வைத்திருப்பதும் பார்ப்பதுமே குற்றமாகலாம் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது.

விபிஎன் என்பது என்னவென்று நம் ஊர்க்காரருக்கு விளக்குவது எளிது. சென்னையில் ஓடும் விலையுயர்ந்த கார்கள் சிலவற்றில் புதுச்சேரிப் பதிவெண் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வரி குறைவு என்பதற்காக இங்கே ஒரு முகவரி காட்டிப் பதிந்தவை. வண்டி சென்னையில்தான் ஓடுகிறது, ஓட்டுநரும் சென்னைக்காரர்தான், பலகையில் மட்டும் வேறு ஊர். விபிஎன் உங்கள் இணைய வண்டிக்கு வேறு நாட்டுப் பலகையை மாட்டிவிடுகிறது. உங்கள் இணைப்பு நிறுவனத்துக்கு நீங்கள் விபிஎன் நிறுவனத்தோடு பேசுவது மட்டும் தெரியும், அதற்கப்பால் எங்கே போனீர்கள் என்பது தெரியாது. ஆனால் பலகை மாட்டிக் கொடுத்த ஏஜெண்டிடம் உங்கள் எல்லாத் தாள்களும் இருக்கின்றன அல்லவா? இணைப்பு நிறுவனத்தின் மீது உங்களுக்கிருந்த ஐயத்தை விபிஎன் நீக்குவதில்லை. அந்த ஐயத்தை வேறொரு நிறுவனத்தின் மீது மாற்றி வைக்கிறது. கைபேசிக் கடையில் பையன் ஏற்றிக் கொடுக்கும் இலவச விபிஎன் எதையும் நான் நம்ப மாட்டேன். சர்வருக்கு வாடகை உண்டு, பொறியாளருக்குச் சம்பளம் உண்டு. உங்களிடம் வாங்காத பணத்தை உங்கள் தகவலை விற்றுத்தான் பெரும்பாலும் ஈட்டுவார்கள்.

பணம் கொடுத்து வாங்கும் விபிஎன்னிலும் ஓர் இந்தியச் சிக்கல் உண்டு. 2022 ஏப்ரல் 28 அன்று, கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட ஆணை, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, அவருக்குக் கொடுத்த ஐபி என்னும் எண் முகவரி போன்றவற்றை ஐந்தாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது. எக்ஸ்பிரஸ் விபிஎன், நார்ட் விபிஎன், சர்ஃப்ஷார்க் ஆகியவை அந்த ஆண்டே இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை அகற்றிக்கொண்டன.

டோர் இதிலிருந்து வேறுபட்டது, ஏனென்றால் அதில் ஒரே ஏஜெண்ட் கிடையாது. கடலூரில் ஏறிய பயணி கிருமாம்பாக்கத்தில் ஓர் ஆட்டோவிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறி, அரியாங்குப்பத்தில் மறுபடி மாறி, கடைசியில் புதுச்சேரியில் ஒரு வீட்டில் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆட்டோக்காரருக்கு அவர் எங்கிருந்து வந்தார் என்பது தெரியும், எந்த வீட்டுக்குப் போகிறார் என்பது தெரியாது; கடைசி ஆட்டோக்காரருக்கு வீடு தெரியும், ஊர் தெரியாது; நடுவில் வந்தவருக்கு இரண்டும் தெரியாது. டோர் உங்கள் கோரிக்கையை இப்படி மூன்று கணினிகள் வழியாக, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி உறையிட்டு அனுப்புகிறது. வெங்காயத் தோல் போன்ற இந்த அடுக்கு முறையை 1990களில் உருவாக்கியது அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடம் என்பது பலருக்கு வியப்பளிக்கும். மூன்று ஆட்டோ மாறினால் நேரம் ஆகும். டோரும் மெதுவாகத்தான் இருக்கும். அதற்குள் நுழைந்து உங்கள் சொந்தப் பெயரிலுள்ள மின்னஞ்சலைத் திறந்தால் இத்தனை ஆட்டோ மாறியதும் வீண். போன வீட்டின் வாசலில் நின்று உங்கள் பெயரை நீங்களே உரக்கச் சொன்னதாக ஆகும். வங்கிக் கணக்குக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள்; திடீரென்று ஜெர்மனியிலிருந்து நுழைவது போலத் தோன்றினால் வங்கி கணக்கை முடக்கி வைக்கலாம். உங்கள் தேவை ஒரு செய்தித் தளத்தைப் படிப்பது என்றால் டோர் உலாவி போதும். அதை அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்தோ ப்ளே ஸ்டோரிலிருந்தோ மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள்.

குறித்து வைப்பவரைப் பற்றிச் சிறிதளவே சொல்கிறேன். 2021 டிசம்பரில் இணைப்பு நிறுவனங்களுக்கான உரிம விதிகளைத் திருத்தியதிலிருந்து, எந்த நேரத்தில் எந்த முகவரியோடு உங்கள் இணைப்பு பேசியது என்ற பதிவை நிறுவனங்கள் இரண்டாண்டுகள் வைத்திருக்க வேண்டும். நீங்கள் பேசியதன் உள்ளடக்கம் அதில் இராது, உறையின் மேலெழுத்து மட்டும் இருக்கும். வாட்ஸ்அப்பில் 2016 முதல் முழுக் குறியாக்கம் இருப்பதால் செய்தியை நடுவிலிருப்பவர் படிக்க முடியாது. முதலில் அனுப்பியவரைக் கண்டறியும் வசதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் விதிகள் கேட்டதை எதிர்த்து அந்நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்காடியபோது, குறியாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே போய்விடுவோம் என்று 2024இல் சொன்னது செய்தியானது. ஆனால் நடைமுறையில் வாட்ஸ்அப் உரையாடல்கள் வெளியே வருவது குறியாக்கத்தை உடைத்து அன்று. குழுவிலிருக்கும் யாரோ ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கொடுப்பதாலோ, பூட்டாத கைபேசி வேறொருவர் கையில் சிக்குவதாலோதான்.

இனி காபிக் கடை. பொது வைஃபையில் வங்கிச் செயலியைத் திறந்தால் பணம் போய்விடும் என்று சொல்வது பத்து ஆண்டுகளுக்கு முந்தைய அறிவுரை. அன்று பெரும்பாலான தளங்கள் உறையில்லாத அஞ்சலட்டைகளாக இருந்தன. இன்று வங்கிச் செயலி தன் உறையைத் தானே ஒட்டிக்கொண்டுதான் கிளம்புகிறது. கடற்கரைச் சாலையில் உட்கார்ந்து இருப்பைப் பார்ப்பதால் உங்களுக்கு வரும் ஆபத்து மிகச் சிறியது. கடையின் பெயரிலேயே போலியாக ஒரு வைஃபை வைத்து, உள்ளே நுழைய ஜிமெயில் கடவுச்சொல்லைக் கேட்கும் பக்கத்தைக் காட்டலாம். அப்படி எது கேட்டாலும் விலகி உங்கள் சொந்த டேட்டாவுக்கு மாறிக்கொள்ளுங்கள். கடைக்காரர் உங்கள் கைபேசி எண்ணுக்கு ஓடிபி அனுப்பிய பிறகுதான் இணைப்புத் தருவது உளவு பார்க்க அன்று. பொது வைஃபை பயன்படுத்துவோரை அடையாளம் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று அரசு விதித்திருக்கிறது. சாலைப் போக்குவரத்து அபராதம் என்று வாட்ஸ்அப்பில் வரும், தட்டினால் கைபேசியில் செயலியாக ஏறிக்கொள்ளும் ஏபிகே கோப்பு, இன்றிரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும் என்ற குறுஞ்செய்தி, காணொளி அழைப்பில் போலீஸ் உடையில் தோன்றி டிஜிட்டல் கைது என்று மிரட்டும் ஆள் ஆகியோர்தான் நம் ஊர்களில் உண்மையாகவே பணத்தைக் கொண்டுபோகிறவர்கள். பிரான்சில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இங்கே தனியாக இருக்கும் முதியவர்களிடம் இந்தக் கடைசி வித்தை எளிதில் பலிக்கிறது, ஏனென்றால் தொலைவிலிருக்கும் பிள்ளையின் பெயரைச் சொன்னதுமே கை நடுங்கிவிடும். எவ்வளவு நல்ல விபிஎன்னும் இவர்களைத் தடுக்காது. நீங்களே கதவைத் திறந்துவிடும்போது வழியிலுள்ள காவலால் என்ன பயன்? பணம் போய்விட்டால் கூச்சப்படாமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் நிறுத்திவைக்க முதல் ஒரு மணி நேரத்தில்தான் வாய்ப்பு அதிகம்.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும், இணையமே நின்றுபோவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2018 மே மாதத்தில் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டை அடுத்து, தூத்துக்குடியோடு திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களிலும் ஐந்து நாட்களுக்கு இணையத்தை நிறுத்த உத்தரவிட்டார்கள். நமக்கு அது வேறு யாருக்கோ காஷ்மீரில் நடக்கும் செய்தியாக இருந்த காலம் அதோடு முடிந்தது. இத்தகைய உத்தரவுகளை வெளியிட வேண்டும், காலவரையின்றி நிறுத்தக் கூடாது என்று 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது; இன்றைய விதிகளின்படி ஓர் உத்தரவு 15 நாட்களுக்கு மேல் நீடிக்க முடியாது. நம் பகுதியில் இணையத்தை அடிக்கடி நிறுத்துவது புயல்தான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் இரண்டு ஊர்களுக்கும் இடையே கரையைக் கடந்தது; 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து ஊரையே நீரில் மிதக்கவிட்டது. கோபுரத்தின் பேட்டரி தீர்ந்து, ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோக வழியில்லாமல் தவித்த அந்த நேரத்தில் யூபிஐ-யை மட்டும் நம்பியிருந்தவர்களால் பால் பாக்கெட்கூட வாங்க முடியவில்லை. உத்தரவால் நின்றாலும் காற்றால் நின்றாலும் திரையில் சுற்றுவது அதே வட்டம்தான். கையில் கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள். டேட்டா மட்டும் நின்று அழைப்பு வேலை செய்யும் நிலையில், வங்கியோடு இணைத்த எண்ணிலிருந்து *99# அழைத்தால் இணையமின்றியே பணம் அனுப்பலாம். அமைதியான ஒரு நாளில் ஒரு முறை செய்து பழகிக்கொள்வது நல்லது.

கடைசியாக அப்பாவின் கடை. உங்கள் கேள்வியிலேயே எனக்குக் கவலை தந்த பகுதி இதுதான். காசு வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்கு இணையக் கணினி கொடுத்தால் அது சட்டத்தின் கண்ணில் பிரவுசிங் சென்டர். 2011ஆம் ஆண்டின் விதிகளின்படி வருபவரின் அடையாளச் சான்றைப் பார்க்க வேண்டும், வந்துபோன நேரத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும், அந்தப் பதிவையும் கணினியில் பார்த்த தளங்களின் வரலாற்றையும் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும். தடுப்புச் சுவர் இருந்தால் அது நாலரை அடிக்கு மேல் உயரக் கூடாது. யாரோ ஒருவர் அங்கிருந்து மிரட்டல் மின்னஞ்சல் அனுப்பினால் விசாரணை முதலில் வந்து நிற்பது கடை வாசலில்தான் என்பதால் பதிவேடு அப்பாவுக்கே பாதுகாப்பு. உரிமத்தைப் பற்றி மாவட்ட நிர்வாகத்தில் கேட்டுக்கொள்ளட்டும்.

ஆனால் பெரிய ஆபத்து அந்தப் பதிவேட்டில் இல்லை. ஜெராக்ஸ் எடுக்க வருபவர்கள் இப்போது தாளைக் கொண்டுவருவதில்லை. ஆதார், பான் அட்டை, மதிப்பெண் பட்டியல், பத்திர நகல், ஓய்வூதியத் தாள் எல்லாவற்றையும் கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பி, அண்ணா, இரண்டு காப்பி என்று மட்டும் சொல்கிறார்கள். மஞ்சக்குப்பத்தில் பாதிப் பேரின் அடையாளம் அப்பாவின் கணினியில் டவுன்லோட்ஸ் கோப்புறையில் கிடக்கும் என்றால் அது மிகையாகாது. 2022 மே மாதத்தில் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலைக் கண்டவரிடம் கொடுக்காதீர்கள், பொதுக் கணினியில் இறக்கினால் அழித்துவிடுங்கள் என்று அறிவிப்பு வெளியிட்டது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்று இரண்டே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. அறிவிப்பு போனாலும் அந்த அறிவுரை சரியானதுதான். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், வேலை முடிந்த பிறகு பிறர் தகவலை வைத்திருக்கக் கூடாது என்ற கொள்கையில்தான் நிற்கிறது. அந்தக் கணினியில் பென் டிரைவ் செருகும் எவரும் அவற்றை அள்ளிக்கொண்டு போகலாம். யாரோ ஒருவருடைய பெயரில் சிம் வாங்கவும் கடன் எடுக்கவும் அது போதும்.

ஆகவே அப்பாவிடம் விபிஎன் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். முதலில் அச்சிடும் கணினியையும் வாடிக்கையாளர் பயன்படுத்தும் கணினிகளையும் பிரித்துவிடச் சொல்லுங்கள். கடை வாட்ஸ்அப்பில் மறையும் செய்திகள் என்ற அமைப்பை 24 மணி நேரத்துக்கு வையுங்கள். புகைப்படங்கள் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். கேபிள்காரர் பொருத்திவிட்டுப் போன வைஃபை பெட்டியின் நிர்வாகக் கடவுச்சொல் இன்னும் அட்மின் என்றே இருக்கும், அதை மாற்றுங்கள். பிறகு, இரவு ஷட்டரை இறக்குவதற்கு முன் டவுன்லோட்ஸைக் காலி செய்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்வதை, கல்லாவை எண்ணுவது போல அன்றாட வேலையாக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.